டிப்ஸா? ஃபார்மா?

குதிரை ரேஸ்னு பேச்சு எடுத்தாலே ரெண்டு கோஷ்டி. ஒரு கோஷ்டி ரேஸ் புக்கை விரிச்சு வச்சு, எந்தக் குதிரை போன தடவை எவ்வளவு எடை சுமந்துச்சு, எத்தனையாவதா வந்துச்சுன்னு பென்சிலால கோடு போடும். இன்னொண்ணு, "லாயத்திலேருந்து நேரா வந்த நியூஸ் மாப்ளே"ன்னு காதைக் கடிக்கும். என் ஓட்டு முதல் கோஷ்டிக்குத்தான். அவங்க எப்பவும் ஜெயிப்பாங்கங்கிறதுக்காக இல்லை. ஏன்னு சொல்றேன்.

கிண்டியில நமக்குத் தெரிஞ்சது சமதரை ரேஸ். வேலி தாண்டி ஓடுற ஸ்டீபிள்சேஸுக்கு இங்கிலாந்து போகணும். அங்க பெரிய ரேஸ் கிராண்ட் நேஷனல்: 30 வேலி, கிட்டத்தட்ட 7 கிலோமீட்டர். நல்ல குதிரைக்கு அதிக எடை, சுமாரான குதிரைக்குக் குறைச்ச எடை. இதுதான் ஹேண்டிகேப். 1973-ல கிரிஸ்ப் 76 கிலோ சுமந்து, ரொம்ப தூரம் முன்னால போய், கடைசி சில அடியில ரெட் ரம்கிட்ட தோத்துச்சு. ரெட் ரம் மேல இருந்தது சுமார் 66 கிலோ. அந்தப் பத்து கிலோவோட கதையை எண்ணைப் பார்த்தே புரிஞ்சுக்கலாம். அடுத்த வருஷம் அதே 76 கிலோவை ரெட் ரம் மேல ஏத்தினாங்க. அப்பவும் அதுதான் ஜெயிச்சது!

"அப்ப ஃபார்ம் பார்த்தா போதுமா?"ன்னா, போதாது. 1967-ல 23-வது வேலியில குதிரைகள் ஒண்ணு மேல ஒண்ணு முட்டி நின்னுச்சு. ரொம்பப் பின்னால வந்த ஃபாய்னவன் சந்துல புகுந்து ஜெயிச்சது. ஒண்ணுக்கு நூறு! வேடிக்கை என்னன்னா, அதோட டிரெய்னர் அன்னைக்கு மைதானத்துலயே இல்லை, வேற ஊர் ரேஸுக்குப் போயிட்டார். அவரை விட உள்ளாள் யாருங்க?

நம்ம காரைக்கால் கருக்களாச்சேரி கடற்கரையில நின்னு யோசிங்க. மீன் எங்க கிடக்குன்னு தெரிஞ்ச விசைப்படகு டிரைவர் அதை ஊருக்கு மைக் போட்டுச் சொல்வாரா? டீக்கடை வரைக்கும் அந்தச் செய்தி வந்தாச்சுன்னா, அங்க ஏற்கெனவே பத்து படகு வலை போட்டாச்சுன்னு அர்த்தம். டிப்ஸும் அப்படித்தான். நம்ம காதுக்கு வர்றதுக்குள்ள விலை இறங்கியிருக்கும்.

"ஆனா அவர் சொன்னது அஞ்சு தடவை பலிச்சுதே"ம்பாங்க. 2008-ல டெரன் பிரவுன்ங்கிற பிரிட்டிஷ் மேஜிக்காரர் இதை டிவியில உடைச்சுக் காட்டினார். ஆறு குதிரை ரேஸ், 7,776 பேர். ஆறு பங்காப் பிரிச்சு ஒவ்வொரு பங்குக்கும் ஒவ்வொரு குதிரை பேரு. ஜெயிச்சவங்களை மட்டும் திரும்ப ஆறாப் பிரி. அஞ்சு ரேஸ் முடிஞ்சா அஞ்சும் பலிச்ச ஒருத்தர் மிச்சம். 6-ஐ அஞ்சு தடவை பெருக்கிப் பாருங்க, 7,776. மீதி 7,775 பேர் வாயே திறக்க மாட்டாங்க.

ஒரு சட்ட மேட்டரும் இருக்கு. ரேஸ்ல பணம் கட்டுறதைச் சூதாட்டமாக்க தமிழ்நாடு அரசு 1974-ல சட்டம் கொண்டுவந்துச்சு. 1996 ஜனவரியில, டாக்டர் கே.ஆர். லட்சுமணன் வழக்குல, உச்ச நீதிமன்றம் ரேஸ் பெரும்பாலும் திறமையைச் சார்ந்ததுன்னு தீர்ப்பு சொல்லிருச்சு. குதிரையோட வரலாறு, எடை, ஜாக்கின்னு படிச்சுக் கணிக்கிறதுதான் அந்தத் திறமை. அதைத் தூக்கிப் போட்டுட்டு எவனோ சொன்ன பேருக்குப் பணம் கட்டுறவன், திறமைங்கிற பேர்ல லாட்டரி ஆடுறான். அம்புட்டுதான்.

ஃபார்ம் தோத்தா எங்க தப்புன்னு பின்னால தேடிப் பார்க்கலாம், பிழை திருத்துற மாதிரி. "இன்னைக்கு வேண்டாம்"னு கூட அது சொல்லும். டிப்ஸ் என்னைக்காவது வேண்டாம்னு சொல்லிக் கேட்டிருக்கீங்களா? அதுக்கு எல்லா நாளும் நல்ல நாள்தான். மாசக் கடைசியில வீட்டு வாடகையையும் தங்கச்சி ஃபீஸையும் கட்டப் போறது டிப்ஸ் கொடுத்தவர் இல்லை, நாமதான்.