பட்டியில கிடா மாத்துறோம், வீட்டுல?

உங்க வீட்டுல பத்தாவது படிக்கிற பிள்ளை இருந்தா கூப்பிட்டு, மெண்டல் யாருன்னு கேளுங்க. மரபியலின் தந்தைன்னு மூச்சு விடாம பதில் வரும். பட்டாணிச் செடி, ஏழு பண்பு, ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு, 3:1, 9:3:3:1 எல்லாம் வரும். கட்டம் போடச் சொன்னா கட்டமும் போடும். அடுத்து, "தாய்மாமனைக் கட்டிக்கலாமா, கூடாதா, ஏன்?"னு கேளுங்க. அங்கே வண்டி நின்னுடும். பிள்ளை நம்ம மூஞ்சியைப் பார்க்கும், நாம சுவரைப் பார்ப்போம்.

என் சண்டை இந்த இடத்துலதான். பாடம் இருக்கு, மார்க் இருக்கு. அந்தப் பாடம் யாருக்காக எழுதப்பட்டதோ அவங்க வீட்டு வாசப்படியை மட்டும் அது தாண்டுறதே இல்லை.

நான் படப்பை பக்கம் ரெண்டு ஏக்கர்ல நெல்லும் கீரையும் போடுறவன். கொஞ்சம் செம்மறி ஆடு இருக்கு. படிச்சது பத்தாவது. தாம்பரம் மார்க்கெட்டுக்குக் கீரை கொண்டு வரும்போது டியூஷன் பிள்ளைங்க பஸ்ஸுல பாடம் ஒப்பிக்கிறதைக் கேட்டுக்கிட்டே வருவேன். "விவசாயிக்கு எதுக்குய்யா மரபியல்?"னு நினைக்காதீங்க. மரபியல் பிறந்ததே தோட்டத்துலதான். மெண்டல் விவசாயி மகன். சின்ன வயசுல அப்பாவோட தோட்டத்துல வேலை பார்த்தவர். வாத்தியார் ஆகுறதுக்கான தேர்வுல தேறாதவர். 1866-ல் அச்சான அவர் கட்டுரையை 1900 வரைக்கும் உலகம் கண்டுக்கவே இல்லை, அவர் 1884-லேயே போய்ச் சேர்ந்துட்டார். மார்க்தான் அறிவுன்னு நம்புற நம்ம ஊர்ல பாடம் ஆரம்பிக்க வேண்டியதே இந்த இடத்துல இருந்துதான்.

இப்போ பட்டிக்கு வருவோம். ஆடு வளர்க்கிற எவனையும் கேளுங்க. ஒரே கிடாவை வருஷக்கணக்கா பட்டியில விட மாட்டான். ரெண்டு வருஷம், மிஞ்சினா மூணு வருஷம். அதுக்குள்ள அந்தக் கிடாவுக்குப் பிறந்த பெட்டைக் குட்டிங்க பருவத்துக்கு வந்துடும். அப்பனே மகள் மேல விழுந்தா குட்டி சவலையாகும், எடை நிக்காது, குறை தெரியும். அதனால கிடாவை வித்துட்டு வேற ஊர்ல இருந்து ஒண்ணு பிடிச்சிட்டு வருவான், இல்ல பக்கத்து ஊர்க்காரன்கிட்ட மாத்திக்குவான். மாட்டுக்குச் சினை ஊசி போட டாக்டர் வந்தாலும், "போன தடவை போட்ட காளையோடது வேண்டாம் சார், இது அதுக்குப் பிறந்த கிடேரி"ன்னு விவரம் தெரிஞ்சவன் சொல்லிடுவான். பத்தாவது புத்தகத்துலயும் கால்நடை பத்தின இடத்துல, நெருங்கின சொந்தத்துக்குள்ளேயே தொடர்ந்து கலந்தா வீரியம் குறையும்னு இருக்கு.

ஆட்டுக்குத் தெரியுது, மாட்டுக்குத் தெரியுது. அக்கா மகளை மட்டும் தம்பிக்குக் கட்டி வைக்கிறோம். சொத்து வெளியே போகாது, உறவு விட்டுப் போகாது, பொண்ணு கண்ணு முன்னாடியே இருக்கும்னு காரணம் வேற சொல்றோம். தேசியக் குடும்பநல ஆய்வுல சொந்தத்துக்குள் கல்யாணம் அதிகமா இருக்கிற மாநிலங்கள்ல தமிழ்நாடு முன்னாடி நிக்குது. நம்ம ஊர்ல நாலுல ஒரு கல்யாணத்துக்கு மேல சொந்தத்துலதான். கிராமத்துக்காரங்க சமாச்சாரம்னு தள்ளிடாதீங்க. ஜிஎஸ்டி ரோடு ஓரத்துல பதினாலு மாடி அடுக்குமாடியில இருக்கிறவங்க பத்திரிகையும் எனக்கு வருது. மாப்பிள்ளை மென்பொருள் கம்பெனி, பொண்ணு பல் டாக்டர், முறை அத்தை மகன்.

கணக்கு சின்னதுதான். நம்ம ஒவ்வொருத்தர் உடம்புலயும் வெளியே தெரியாம ஒளிஞ்சிருக்கிற சில கெட்ட மரபணுக்கள் இருக்கும். ஒண்ணா இருக்கிற வரைக்கும் தொந்தரவு இல்லை, ஜோடி சேர்ந்தாத்தான் வியாதி. புத்தகம் ஒடுங்கு பண்புன்னு சொல்றது இதைத்தான். யாரோ ஒரு வெளியாளைக் கட்டினா, அவங்க உடம்புலயும் அதே கெட்டது ஒளிஞ்சிருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி. தாய்மாமனும் அக்கா மகளும் மரபணுவுல நாலுல ஒரு பங்கு பொது. அத்தை மகன், மாமன் மகள் எட்டுல ஒரு பங்கு பொது. ஒரே தாத்தாகிட்ட இருந்து ஒரே கெட்டது ரெண்டு பக்கமும் இறங்கி வந்து ஜோடி சேர வழி திறந்து கிடக்கு.

"எங்க தாத்தா பாட்டியும் சொந்தம்தான், எங்களுக்கு என்ன குறை?"ன்னு கேட்பாங்க. நியாயமான கேள்வி. பதில் இதுதான்: சொந்தத்துல கட்டின எல்லாருக்கும் குறையுள்ள பிள்ளை பிறக்காது. பெரும்பாலானவங்களுக்கு நல்ல பிள்ளைதான் பிறக்கும். எந்தக் கல்யாணத்துலயும் நூறு பிள்ளைக்கு ரெண்டு மூணு பிறவிக் குறையோட பிறக்கிறது உண்டு. அத்தை மகன், மாமன் மகள் கல்யாணத்துல அது ஏறக்குறைய ரெண்டு மடங்கு ஆகும், தாய்மாமன்னா இன்னும் கூடும். இதைச் சொன்னா பயமுறுத்தலும் இல்லை, பொய்யும் இல்லை. கணக்கைச் சொல்லிட்டு முடிவை அவங்ககிட்ட விடலாம். கணக்கையே சொல்லாம விடுறதுதான் தப்பு.

எங்க வகையறாவிலேயே ஒரு பொண்ணு. பேரு வேண்டாம். பத்தாவதுல அறிவியல்ல நல்ல மார்க். பத்தொன்பது வயசுல தாய்மாமனுக்கே கட்டி வச்சாங்க. ரெண்டு பிள்ளைங்க, ரெண்டுக்கும் பிறவியிலேயே காது கேட்காது. முதல் பிள்ளைக்குத் தெரிஞ்சதும், "மூணு பங்கு நல்லது, ஒரு பங்குதான் கெட்டது, அந்த ஒண்ணு வந்து போயிடுச்சு, அடுத்தது நல்லா பிறக்கும்"னு படிச்ச ஒரு ஆளே தைரியம் சொன்னார். அவர் மனப்பாடம் பண்ணின 3:1 அவருக்கு அப்படித்தான் புரிஞ்சிருக்கு. ரெண்டாவதும் அப்படியே ஆனதும் மாமியார் வீட்டுல, "எங்க பரம்பரையில இல்லாதது இவ வயித்துல இருந்து வந்துச்சு"ன்னாங்க. மாமியார்னா யாரு? அந்தப் பொண்ணோட சொந்தப் பாட்டி. ஒரே பரம்பரை! அந்த ஒடுங்கு மரபணு அம்மா அப்பா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் வந்தாத்தான் குறை வரும்னு கட்டம் போட்டு மார்க் வாங்கின பொண்ணு, அன்னைக்குத் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னுச்சு. அது படிச்ச பாடம் அதுக்கு ஒரு வாய்ச் சொல்லாகக்கூட உதவல. பொண்ணா பிறந்துட்டாலும் ஏச்சு வாங்குறது அம்மாதான். பிள்ளை ஆணா பெண்ணான்னு முடிவு பண்றது அப்பாகிட்ட இருந்து வர்ற குரோமோசோம்னு அதே பாடத்துலதான் இருக்கு.

அரசு காப்பீட்டுத் திட்டத்துல சின்னப் பிள்ளைங்களுக்குக் காது கேட்கிற கருவி பொருத்துறாங்க. பெரிய காரியம், கையெடுத்துக் கும்பிடணும். அந்த ஆபரேஷன் செலவுக்கு முன்னாடி ஒரு பாடவேளை எவ்வளவு ஆகும்? ஒரு சாக்பீஸ்.

வாத்தியாருங்க பக்கத்துலயும் ஒரு நியாயம் இருக்கு. "வகுப்புல பாதிப் பேரோட அப்பா அம்மா சொந்தம்தான். நான் பேசினா பிள்ளைங்க மனசு நோகும், நாளைக்குச் சண்டைக்கு வருவாங்க"ன்னு ஒரு டீச்சரம்மா சொன்னாங்க. உண்மைதான். அதனாலதான் மனுஷன்ல ஆரம்பிக்க வேண்டாம், புலியில ஆரம்பிங்கன்னு சொல்றேன்.

தாம்பரத்துல இருந்து வண்டலூர் எவ்வளவு தூரம்? இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடம் எல்லாம் சுற்றுலான்னா முதல்ல போறது அங்கேதான். பிள்ளைங்க வெள்ளைப் புலிக்கு முன்னாடி நின்னு போட்டோ எடுத்துட்டு ஐஸ் வாங்கித் தின்னுட்டு வந்துடுதுங்க. அந்தக் கூண்டு முன்னாடி நிக்கிறதுதான் முழு மரபியல் பாடம். வெள்ளைப் புலி தனி இனம் இல்லை, நம்ம வங்கப் புலிதான். ஒரே ஒரு மரபணு மாற்றம், அதுவும் ஒடுங்கு பண்பு. 2013-ல் விஞ்ஞானிகள் அந்த மரபணு எதுன்னு கண்டுபிடிச்சுட்டாங்க. 1951-ல் ரேவா சமஸ்தானக் காட்டுல ஒரு வெள்ளைக் குட்டியைப் பிடிச்சு மோகன்னு பேர் வச்சாங்க. சாதாரணப் பெண் புலியோட சேர்த்தப்போ பிறந்த குட்டி எல்லாம் மஞ்சள்தான். அப்புறம் மோகனை அதோட மகள் ராதாவோடயே சேர்த்தாங்க. 1958-ல் நாலு குட்டி, நாலும் வெள்ளை. உலகத்துல கூண்டுல இருக்கிற வெள்ளைப் புலிகள்ல பெரும்பாலானது அந்த மோகன் வம்சம். சொந்தத்துக்குள்ளேயே சேர்த்துச் சேர்த்துப் பெருக்கினதுல எத்தனையோ குட்டி குறையோட பிறந்து செத்துச்சு. அந்த வெள்ளை நிறத்தோடவே மாறுகண்ணும் பல புலிக்கு வருது. அமெரிக்க உயிரியல் பூங்காக்கள் சங்கம் 2011-ல் இந்தப் பெருக்கமே வேண்டாம்னு முடிவு பண்ணிடுச்சு.

இதுல வாய்ப்புக் கணக்கும் இருக்கு. மோகன், ராதா ஜோடிக்குப் பாதி வெள்ளை, பாதி மஞ்சள்னுதான் கட்டம் சொல்லும். பிறந்தது நாலும் வெள்ளை. கட்டம் பொய்யா? இல்லை. காசை நாலு தடவை சுண்டி நாலும் தலை விழுந்த மாதிரி, பதினாறுல ஒரு வாய்ப்பு. ஒவ்வொரு பிரசவமும் புதுசா சுண்டுற காசு, முன்னாடி விழுந்தது அதுக்குத் தெரியாது. மெண்டல் எண்ணினது 7,324 விதை, அதுல 5,474 உருண்டை, 1,850 சுருங்கினது. அத்தனை எண்ணினதாலதான் 3:1 தெரிஞ்சது. நாலு பிள்ளை பெத்தவங்க வீட்டுல அந்தக் கணக்கைத் தேடக் கூடாது. இதை ஒரு பிள்ளை புலியை வச்சுப் புரிஞ்சுக்கிட்டா, மாமன் கல்யாணத்தை டீச்சர் வாயைத் திறந்து சொல்லவே வேண்டாம். வீட்டுக்குப் போய் அதுவே கேட்கும்.

பட்டாணி வேண்டாம்னு சொல்லல. பட்டாணியோட நிறுத்தாதீங்கன்னு சொல்றேன். 1917-லேயே கோயம்புத்தூர்ல பார்னெல், ரங்கசாமி அய்யங்கார், ராமையா மூணு பேரும் நெல்லுல பண்புகள் எப்படி இறங்குதுன்னு கட்டுரை போட்டாங்க. 1921-ல் வந்த ஜி.இ.பி. 24 நெல், வயல்ல தானா மாறி நின்ன செடியில இருந்து எடுத்தது. அதோட வாரிசுதான் நம்ம திருவள்ளூர் பக்கத்துத் திரூர்க்குப்பத்துல உருவான டி.கே.எம். 6. குருத்துப் பூச்சியைத் தாங்கும். அதோட மகன்தான் ஐ.ஆர். 20. நீங்க சின்ன வயசுல சாப்பிட்ட சோத்துல பாதி அதுவாத்தான் இருக்கும். விதைக் கடையில வெண்டை, தக்காளி பாக்கெட் மேல எஃப்-1னு போட்டிருக்கும். அது என்னன்னு தெரிஞ்ச பத்தாவது பிள்ளை எத்தனை? முதல் தலைமுறைக் கலப்பு. அதுல விதை எடுத்துப் போட்டா ரெண்டாம் தலைமுறையில ஒண்ணு நெட்டை, ஒண்ணு குட்டை, காய் ஒண்ணு போல இருக்காது. அதனாலதான் ஒவ்வொரு போகமும் நான் கடை வாசல்ல நிக்கிறேன். என் கையை விட்டு விதை போனது எப்படின்னு புரிய, அந்தப் பாடத்தை விட்டா வேற வழி இல்லை.

அரிவாள் செல் வியாதின்னா ஆப்பிரிக்கான்னு ஒப்பிக்கிறாங்க. இந்தியாவுல அது முதல்ல தெரிய வந்ததே 1952-ல் நம்ம நீலகிரிப் பழங்குடி மக்கள்கிட்டதான். இதையும் சொல்லணும்.

இதுக்கு நடுவுல தாம்பரம் பக்கத்து சிபிஎஸ்இ பள்ளிப் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. 2023-ல் உங்க பிள்ளைங்களோட பத்தாவது புத்தகத்துல "மரபும் பரிணாமமும்"னு இருந்த பாடத்துல பரிணாமத்தை வெட்டிட்டாங்க. 1,800-க்கு மேல விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்துப் போட்டு வேண்டாம்னாங்க, கேட்கல. மரபை வச்சுக்கிட்டுப் பரிணாமத்தை எடுக்கிறது, நாத்து விட்டுட்டு நடவு நடாம விடுற மாதிரி. நம்ம மாநிலப் புத்தகத்துல ரெண்டும் இருக்கு. அதைப் பெருமையா சொல்லிக்கலாம், ஆனா நடத்துறது ரெண்டு மார்க் கேள்விக்கு மட்டும்னா என்ன பிரயோசனம்?

சரியா நடத்தாத இடத்துல தப்பான மரபியல் தானா முளைக்குது. "அவன் ரத்தம் அப்படி", "படிப்பு அந்த வகையறாவுக்கு ஏறாது"ன்னு பேசுறவங்க மரபியல்தான் பேசுறதா நினைச்சுக்கிறாங்க. சாதிக்குன்னு ஒரு மரபணு கிடையாதுன்னு பதினஞ்சு வயசுல வகுப்புல கேட்காத பிள்ளை, இருபத்தஞ்சு வயசுல இதையேதான் பேசும்.

நான் கேட்கிறது மூணே மூணு. வண்டலூர் போனா மோகன் வம்சத்தைத் தாள்ல வரைஞ்சுட்டு வரச் சொல்லுங்க. காட்டுப்பாக்கத்துல கால்நடை ஆராய்ச்சி நிலையம் இருக்கு, கிடாவை ஏன் மாத்துறாங்கன்னு பிள்ளைங்க அங்கே போய்க் கேட்கட்டும். பரீட்சையில "மெண்டல் எத்தனை பண்பு எடுத்தார்"னு கேட்கிற இடத்துல, "முதல் பிள்ளைக்கு இந்தக் குறை இருக்கு, அடுத்த பிள்ளைக்கு வாய்ப்பு எவ்வளவு"ன்னு ஒரு கேள்வி கேளுங்க.

அரசுப் பள்ளின்னா பள்ளி மேலாண்மைக் குழு இருக்கு, தனியார் பள்ளின்னா பெற்றோர் ஆசிரியர் கூட்டம் இருக்கு. அங்கே போய் வேன் கட்டணம் பத்தி மட்டும் பேசிட்டு வராதீங்க, இதையும் கேளுங்க. உங்க பிள்ளை வாங்கப் போற மார்க் ஒரு வருஷத்துக்கு. அது கட்டப் போற கட்டம் மூணு தலைமுறைக்கு.