கை தூக்குதலும் கை நனைத்தலும்

ஒருவர் வீட்டில் உண்பதை மதுரைப் பக்கத்தில் ‘கை நனைத்தல்’ என்பார்கள். பகை கொண்ட வீட்டிலும் சம்பந்தம் செய்ய விருப்பமில்லாத வீட்டிலும் கை நனைக்காமல் எழுந்து வருவது, வாய் திறவாமல் வழங்கப்படும் ஒரு தீர்ப்பு. ஒரு கிறிஸ்தவச் சபையின் உண்மை நிலையை அறிய வேண்டுமானால், அதன் விசுவாச அறிக்கையைப் படிப்பதைவிட, அதன் உறுப்பினர்கள் யார் யார் வீட்டில் கை நனைக்கிறார்கள் என்று பார்ப்பதே நேர்வழி என்ற எண்ணம் எனக்கு நெடுநாளாக உண்டு. அண்மையில் போதகராக இருக்கும் நண்பர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தபோது அந்த எண்ணம் உறுதிப்பட்டது. கூடவே சிறிது திருத்தமும் பெற்றது. இக்கட்டுரை அந்தத் திருத்தத்தைப் பற்றியது.

நண்பர் மதுரையின் விளிம்பில், லேத் பட்டறைகளும் வேலி கட்டிய காலி மனைகளும் நிறைந்த ஒரு பகுதியில், சிறிய பாப்டிஸ்ட் சபை ஒன்றின் போதகர். தகரக் கூரை, பிளாஸ்டிக் நாற்காலிகள், நாற்பதுக்குக் குறைவான குடும்பங்கள். அறிவறிந்த வயதில் தானே கேட்டுப் பெறும் முழுக்கு ஞானஸ்நானம் அவர்களுடைய அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று. ஆனால் வைகையில் பல மாதங்கள் கணுக்கால் நனையவும் நீர் இராது என்பதால், ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்துப் பம்புசெட்டுத் தொட்டியில்தான் அவர் முழுக்குக் கொடுக்கிறார். தோட்டக்காரர் இந்து. “தண்ணி எல்லாருக்கும் பொதுதானே பாஸ்டர்” என்று மோட்டாரைப் போட்டுவிட்டு, முடியும்வரை வரப்பில் நின்று பார்த்துவிட்டுப் போவாராம்.

நண்பர் ஒருநாள் சொன்னார்: “அண்ணே, ஒரு மாசம் நான் படுத்துட்டா இந்தச் சபை எத்தனை ஞாயிறு தாங்கும்னு நினைச்சாலே பயமா இருக்கு.” சபை கூடும் மனை அவர் பெயரில் இருந்தது. காணிக்கைக் கணக்கு அவருடைய டைரியில் இருந்தது. யாருக்கு உதவி, எப்போது கூட்டம், எந்தப் பாட்டு என்பதெல்லாம் அவர் நெஞ்சில் இருந்தது. பணத்தில் அவர் கை சுத்தம். அதில் எனக்கு ஐயமில்லை. அவரை உறுத்தியது வேறொன்று. “பலகையில பாப்டிஸ்ட்னு எழுதி வச்சிருக்கேன். ஆனா இந்தச் சபையார் இதுவரைக்கும் எதையும் கூடித் தீர்மானிச்சதே இல்ல” என்றார்.

அவருடைய உறுத்தலின் ஆழம் புரிய வேண்டுமானால் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும். 1606ஆம் ஆண்டு ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தார். துறவிக்கோலம் பூண்டு, தமிழும் வடமொழியும் கற்று, பரதவக் கிறிஸ்தவர்களுக்காக முன்பே இங்கு இருந்த ஆலயத்திலிருந்து விலகி, உயர்சாதியினருக்கெனத் தனி வழிபாட்டிடமும் தனிச் சமையலும் அமைத்துக்கொண்டார். ஏறத்தாழ அதே காலத்தில், 1609இல், ஆம்ஸ்டர்டாமில் தஞ்சம் புகுந்திருந்த ஆங்கிலேயர் சிலர் ஜான் ஸ்மித் என்பவரின் தலைமையில், பிறப்பினால் எவரும் கிறிஸ்தவர் ஆவதில்லை என்று கூறித் தமக்குத் தாமே புதிதாக ஞானஸ்நானம் செய்துகொண்டு ஒரு சபையாயினர். பாப்டிஸ்டுகளின் தொடக்கம் அது. அவர்களில் ஒருவரான தாமஸ் ஹெல்விஸ் 1612இல் லண்டன் திரும்பி, ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் இங்கிலாந்தின் முதல் பாப்டிஸ்ட் சபையை நிறுவினார்.

இவ்விரு தொடக்கங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். ஒன்று, மனிதனை அவன் பிறந்த இடத்திலேயே இருக்கவிட்டு அவனுக்கு வேதத்தைக் கொடுக்க முயன்றது. மற்றொன்று, பிறப்பையே ஒரு கணக்கில் கொள்ள மறுத்தது. தமிழ்நாட்டுச் சபை வாழ்வு முழுவதும் இவ்விரண்டுக்கும் இடையில்தான் ஊசலாடி வந்திருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

மதுரைச் சமவெளியில் பாப்டிஸ்டுகள் என்றும் சிறுபான்மையினரே. இங்கு வேரூன்றியது அவர்களுடைய நெருங்கிய உறவினர்களான காங்கிரிகேஷனல் மரபு. யாழ்ப்பாணத்தில் பணிபுரிந்த அமெரிக்க மிஷனரிகள் 1834இல் மதுரைக்கு வந்து அமெரிக்க மதுரை மிஷனைத் தொடங்கினர். 1842இல் திருமங்கலத்தில் அவர்கள் தொடங்கிய செமினரி 1845இல் பசுமலைக்கு மாறியது. அமெரிக்கன் கல்லூரி 1881இல் அங்கேதான் பிறந்தது. குழந்தை ஞானஸ்நானத்தில் இவர்கள் பாப்டிஸ்டுகளோடு வேறுபட்டாலும், சபை ஆட்சியில் இருவருக்கும் கொள்கை ஒன்றே. ஓரிடத்தில் கூடும் விசுவாசிகளின் கூட்டமே முழுமையான சபை. அதற்கு மேல் ஆயர் இல்லை. போதகரைத் தெரிந்துகொள்வதும் கணக்குக் கேட்பதும் தவறியவரைத் திருத்துவதும் அக்கூட்டத்தின் உரிமை, கடமை.

கேட்பதற்கு அழகான கொள்கைதான். மதுரை மண்ணில் அது சந்தித்த முதல் பெருஞ்சோதனை 1847இல் வந்தது. சாதியை விடாதவர்க்குச் சபையில் இடமில்லை என்றும், எந்தச் சாதியார் சமைத்ததையும் உண்ணச் சம்மதிப்பதே அதற்கு அடையாளம் என்றும் மிஷன் வற்புறுத்தியது. உபதேசியார் பலர் வெளியேறினர். பசுமலைச் செமினரியும் மாணவர்களை இழந்தது. கோட்பாட்டு விவாதத்தில் அசையாதிருந்தவர்களை ஒரு கவளம் சோறு அசைத்துவிட்டது.

இந்தியாவில் பாப்டிஸ்டுகளும் இதே வாசல் வழியாகத்தான் நுழைந்தார்கள். சீராம்பூரில் வில்லியம் கேரியின் குழுவினரிடம் வந்த கிருஷ்ண பால் என்ற தச்சர், 1800 டிசம்பரில் ஹூக்ளி ஆற்றில் முழுக்குப் பெறுவதற்குச் சில நாள்களுக்கு முன்பு, மிஷனரிகளோடு அமர்ந்து உணவருந்தினார். ஊர் கொந்தளித்தது அந்த உணவுக்காக. ஆற்றில் இறங்குமுன் அவர் கை நனைத்துவிட்டார் என்பது அதன் பொருள்.

இங்கே ஒரு சங்கடமான கேள்வியைக் கேட்டாக வேண்டும். 1847இல் அந்த முடிவை எடுத்தது யார்? மிஷனரிகள். சபைக்கே ஆட்சி என்ற கொள்கையோடு வந்தவர்கள், சபைக்கு மேலிருந்து கட்டளையிட்டார்கள். முடிவை அந்தந்த ஊர்ச் சபையின் கையில் விட்டிருந்தால் அது நிறைவேறியிருக்குமா? எனக்கு நம்பிக்கையில்லை. ஒரே சாதியார் மட்டும் கூடும் சபையில் தன்னாட்சி என்பது வேதப்புத்தகம் வைத்திருக்கும் சாதிப் பஞ்சாயத்தாக எளிதில் மாறிவிடும். பாப்டிஸ்ட் நண்பர்கள் இந்த உண்மையைத் தம் கொள்கைப் பெருமிதத்தில் மறந்துவிடுகிறார்கள் என்பது என் நெடுநாள் குற்றச்சாட்டு.

ஆயர்களை விரும்பாத இந்த மண்ணுக்கு 1947இல் ஆயர் வந்தார். 1908இல் உருவான தென்னிந்திய ஐக்கிய சபையில் காங்கிரிகேஷனல், பிரஸ்பிட்டேரியன் மரபினர் முன்பே இணைந்திருந்தனர். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னைத் தூய ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளும் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. பாப்டிஸ்டுகள் இதில் சேரவில்லை. வடக்கே 1970இல் வட இந்தியத் திருச்சபை உருவானபோது அங்குள்ள பாப்டிஸ்டுகளில் ஒரு பகுதியினர் இணைந்தனர். மதுரை, இராமநாதபுரம் பகுதிகளுக்கு ஆயராக வந்தவர் லெஸ்லி நியூபிகின். அப்போது அவருக்கு வயது 37. ஆயர்களே இல்லாத ஸ்காட்லாந்துத் திருச்சபையிலிருந்து வந்தவர். தமிழ் நன்கு அறிந்தவர். 1959 வரை இங்கிருந்தார். மதுரைச் சுற்றுவட்டாரச் சிற்றூர்ச் சபைகளில் அலைந்த அனுபவங்களை 1951இல் ‘எ சவுத் இண்டியா டயரி’ என்ற நூலாக வெளியிட்டார்.

பிற்காலத்தில் இங்கிலாந்து திரும்பிய பிறகும் அவர் மனம் இந்தச் சமவெளியை விட்டு அகலவில்லை. சிற்றூர்க் கோயிலின் வாசலில் நின்று பேசிய நாள்களை அவர் நினைவுகூர்ந்ததுண்டு. நடுவே தரையில் அமர்ந்திருக்கும் சபை. சுற்றிலும் நின்று பார்க்கும் இந்துக்களும் இஸ்லாமியரும். நின்றுகொண்டிருப்பவர்கள் தன் சொல்லை நம்புவதும் நம்பாததும், உட்கார்ந்திருப்பவர்களின் வாழ்க்கையில் அவர்கள் எதைக் காண்கிறார்கள் என்பதைப் பொறுத்தது என்று அவர் உணர்ந்திருந்தார். 1989இல் வெளிவந்த ‘தி காஸ்பல் இன் எ புளூரலிஸ்ட் சொசைட்டி’ நூலில், சபையே நற்செய்திக்குப் பொருளுரை என்ற தலைப்பில் ஓர் இயலே எழுதினார். மேலைநாட்டு இறையியல் மாணவர்கள் இன்றும் விவாதிக்கும் அந்தக் கருத்துக்கு விதை நம் கரிசலிலும் செம்மண்ணிலும் விழுந்தது என்பதை நாம் அதிகம் நினைப்பதில்லை. என் நண்பரின் தொட்டியருகே வரப்பில் நிற்கும் தோட்டக்காரரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நியூபிகின் நினைவுக்கு வருவார்.

இன்றைய நிலை என்ன? பெரிய திருச்சபைகளில் சபையார் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வாக்காளர்களாகிறார்கள். அணிகள், வேட்பாளர்கள், வாக்குறுதிகள், பிறகு வழக்குகள். திருச்சபைத் தேர்தல்கள் நீதிமன்றம் ஏறுவது தமிழ்நாட்டுச் செய்தித்தாள் வாசகருக்குப் புதிதல்ல. சிறிய சுயாதீனச் சபைகளிலோ சபையார் பார்வையாளர்களாகிவிட்டார்கள். மேடை, ஒலிபெருக்கி, போதகரின் பெயர், அவருக்குப் பின் அவர் மகன். முன்னதில் சபை ஒரு தொகுதி. பின்னதில் ஒரு சொத்து. கூடிப் பேசி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, ‘நாம் இதைச் செய்வோம்’ என்று சொல்லும் பழக்கம் இரண்டிலும் இல்லை.

என் நண்பர் அந்தப் பழக்கத்தை மீட்க முயன்றார். மாதத்தின் முதல் ஞாயிறு ஆராதனைக்குப் பின் சபைக் கூடுகை. வரவு செலவை ஒரு இளம்பெண் உரக்க வாசிப்பாள். போதகர் தலைமை வகிக்க மாட்டார், பின்வரிசையில் உட்காருவார். முதல் இரண்டு மாதம் எவரும் வாய் திறக்கவில்லை. மூன்றாவது மாதம், பூக்கட்டி விற்கும் ஒரு மூதாட்டி எழுந்தார். “பாஸ்டரய்யா, வருசா வருசம் அன்பின் விருந்தை மண்டபத்துல ஆள் வச்சுச் சமைக்கிறோம். ஒரு தடவ எங்க தெருவுல உலை வச்சா எல்லாரும் வருவீகளா?”

அந்தத் தெரு எதுவென்று அங்கிருந்த அனைவருக்கும் தெரியும்.

நெடிய மௌனத்துக்குப் பின் ஓய்வுபெற்ற ஒரு முதியவர் மட்டும் எழுந்து, இது தேவையில்லாத வேலை, உள்ள ஒற்றுமையும் கெடும் என்று வெளிப்படையாக எதிர்த்தார். வேறொருவரும் மறுத்துப் பேசவில்லை. கை தூக்கச் சொன்னபோது முதியவரைத் தவிர எல்லாருடைய கையும் உயர்ந்தது. விருந்து நாளன்று தெருவில் பந்தல் போட்டுப் பெரிய உலை வைத்தார்கள். பலர் வந்தார்கள், ஜெபித்தார்கள், சர்க்கரை நோய் என்றும் உபவாசம் என்றும் வீட்டில் ஆள் காத்திருக்கிறது என்றும் சொல்லிக் கிளம்பினார்கள். “கை தூக்கினவங்கள்ல பாதிப்பேர் கை நனைக்கலண்ணே” என்றார் நண்பர். எதிர்த்துப் பேசிய முதியவரோ வந்து பந்தியில் அமர்ந்து, இலையில் வைத்ததை முழுவதும் உண்டார். நண்பர் வியந்து கேட்டதற்கு, “எனக்கு இன்னமும் இதுல இஷ்டம் இல்ல. ஆனா சபை முடிவு பண்ணிருச்சே. நானும் சபைதானே” என்றாராம்.

என் எண்ணம் திருத்தம் பெற்றது இங்கேதான். சபையின் உண்மை பந்தியில்தான் தெரியும் என்று நான் நினைத்திருந்தது சரியே. ஆனால் அந்த முதியவரைப் பந்திக்குக் கொண்டுவந்தது எது? கட்டளையாக இருந்தால் அவர் மீறியிருப்பார். பிரசங்கமாக இருந்தால் கேட்டுவிட்டுப் போயிருப்பார். தன் மறுப்பை எல்லார் முன்னும் சொல்ல ஓர் இடம் இருந்தது, சொன்னார், தோற்றார், அதனால் கட்டுப்பட்டார். பேசாமல் கை தூக்கியவர்களைத்தான் எதுவும் கட்டவில்லை. சபைத் தன்னாட்சி சாதிப் பஞ்சாயத்தாகிவிடும் என்ற என் அச்சம் இன்னும் முழுதும் நீங்கிவிடவில்லை. ஆயினும், அதற்கு மருந்து அதிகாரத்தை மேலே கொண்டுபோவது மட்டுமல்ல, கீழே இன்னும் அதிகமாகப் பேசவிடுவதும்கூட என்று இப்போது தோன்றுகிறது. மூதாட்டி எழ முடிகிற கூட்டமாக அது இருக்க வேண்டும், அதுவே நிபந்தனை.

1969இல் உருவான அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்து 2005இல் மறைந்த தியாபிலஸ் அப்பாவு, பறட்டை என்று எல்லாராலும் அறியப்பட்டவர், ஒரே உலையில் பொங்கி எல்லாரும் பகிர்ந்துண்பதைத் தம் இறையியலின் மையமாக வைத்து நாட்டுப்புற மெட்டுகளில் பாடல்கள் புனைந்தார். 1847இன் மிஷனரிகள் சோதனையாக வைத்ததை அவர் கொண்டாட்டமாக மாற்றினார் என்று சொல்லலாம். அந்தப் பூக்காரப் பாட்டிக்குப் பறட்டையையும் தெரியாது, நியூபிகினையும் தெரியாது. உலை என்ற சொல் மட்டும் அவர் வாயில் தானாக வந்திருக்கிறது.

மனையைச் சபையின் பெயருக்கு மாற்றுவதற்கான வேலைகளை நண்பர் தொடங்கியிருக்கிறார். விருந்துக்கு அடுத்த மாதக் கூடுகையில் கணக்கு வாசித்து முடிந்ததும் பாட்டி மறுபடியும் எழுந்தாராம். யாரையும் குறை சொல்லவில்லை. மிஞ்சிய அரிசி எத்தனை படி என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுத்த வருடத்துக்கு அதற்கேற்பக் குறைத்து வாங்கலாமா, அதே அளவு வாங்கலாமா என்று சபையைக் கேட்டிருக்கிறார்.

அதே அளவு வாங்கலாம் என்று முதலில் சொன்னவர் அந்த முதியவர்.