சல்லடை வேண்டும், பூட்டு வேண்டாம்



“செல்போனால் பிள்ளைகள் கெட்டுப் போகின்றனர்” என்பது இன்று வீடுதோறும் கேட்கும் பேச்சு. பேருந்திலும் கோயில் வாசலிலும், ஏன், பெற்றோர் ஆசிரியர் கூட்டத்திலும் அதே பேச்சுதான். ஆனால் அதை முதலில் எங்கள் கையில் கொடுத்தவர்கள் பெரியவர்களே என்பதை யாரும் சொல்வதில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது நாங்கள் நான்காம் வகுப்பில் இருந்தோம். அதன்பின் பல மாதங்கள் அப்பாவின் செல்போனே எங்களுக்கு வகுப்பறை. கணக்குப் பாடமும் அதில் வந்தது. கண்டதும் அதில் வந்தது.

அந்தக் ‘கண்டதை’ வடிகட்ட வழி இல்லையா? உண்டு. செல்போன் கம்பெனியே சல்லடை பிடிக்கலாம். ஒரு தளத்தின் பெயரை நாம் தட்டியவுடன், அதற்குரிய எண் முகவரியைக் கம்பெனியின் கணினியிடம் செல்போன் கேட்கிறது. அக்காலத்தில் டெலிபோன் டைரக்டரியில் பெயரைப் பார்த்து எண்ணைக் கண்டுபிடித்தார்களே, அது போல. தகாத தளமென்றால் அந்த எண்ணைக் கொடுக்காமல் விட்டுவிடலாம். இங்கிலாந்தில் 2004ஆம் ஆண்டிலேயே செல்போன் கம்பெனிகள் ஒன்றுகூடி இதற்கு விதிமுறை வகுத்துக்கொண்டன. பதினெட்டு வயது நிரம்பியவர் என்று காட்டினால்தான் அங்கே சல்லடையை எடுப்பார்கள்.

நம் நாட்டில் நடந்தது வேறு. இங்கே ஊருக்கெல்லாம் ஒரே பூட்டு. 2015இல் மத்திய அரசு 857 தளங்களை மூடச் சொன்னது. அந்தப் பட்டியலில் வெறும் நகைச்சுவைத் தளமும் அகப்பட்டுக்கொண்டது. எதிர்ப்பு எழவே சில நாட்களில் ஆணை தளர்ந்தது. பின்னர் 2018இல் உத்தராகண்ட் உயர்நீதிமன்றம் கண்டித்ததன் பேரில் 827 தளங்கள் மூடப்பட்டன. மூடிய தளங்களில் சில, பெயரின் வாலை மட்டும் மாற்றிக்கொண்டு மறுபடி வந்து நின்றன. பெரியவர்களுக்கும் சிறுவர்களுக்கும் ஒரே பூட்டைப் போட்டால், பெரியவர்களே அதை உடைக்கக் கற்றுக்கொள்கின்றனர். வீட்டுப் பிள்ளை அதைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறது!

இது எங்கோ வடக்கே உள்ள விஷயம் என்று எண்ண வேண்டாம். பெற்றோர் வேண்டியபோது கட்டுப்படுத்தும் வசதியை இணையக் கம்பெனிகளே தரவேண்டும் என்று 2018இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஒரு பொதுநல வழக்கு தொடுக்கப்பட்டது. நம் புதுக்கோட்டை மாவட்டமும் அந்தக் கிளையின் எல்லைக்குள் அடங்கியதே. 2025 டிசம்பரில் அவ்வழக்கை முடித்த நீதிபதிகள், ஆஸ்திரேலியாவைப் போல் பதினாறு வயதுக்கு உட்பட்டோருக்குச் சட்டம் கொண்டுவருவதை மத்திய அரசு ஆராயலாம் என்று யோசனை கூறினர். அந்த நாட்டில் அதே மாதம் 10ஆம் தேதி முதல், பதினாறு வயது ஆகாதவர்கள் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்துக்கொள்ள முடியாது.

எனக்கு அந்த யோசனையைவிட, வழக்குப் போட்டவர் முதலில் கேட்ட வசதிதான் பிடித்திருக்கிறது. முழுத் தடை என்றால் நம் ஊரில் அது யார் தலையில் விழும் என்பதை நாம் அறிவோம் அல்லவா? அண்ணன் இரவு பதினொரு மணிக்குப் போர்வைக்குள் செல்போன் பார்த்தால் “ஆம்பளைப் பையன், படிக்கிறான் போல” என்பார்கள். தங்கை ஒருமுறை பார்த்தால் வீடே கூடிவிடும். பெயர் தெரியாத எண்ணிலிருந்து என் தோழி ஒருத்திக்கு அருவருப்பான படம் ஒன்று வந்தது. அவள் அம்மாவிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் செல்போன் போகும். அதோடு மாலை டியூஷனும் போகும் என்று பயந்தாள். தவறு செய்தவன் எங்கோ நிம்மதியாக இருக்க, இவள் ஒரு வாரம் சோறு இறங்காமல் இருந்தாள்.

கம்பெனியின் சல்லடை அந்தப் படத்தைத் தடுத்திருக்குமா என்றால், தடுத்திருக்காது. வாட்ஸ்அப்பில் வருவது ஒட்டிய உறையில் வரும் கடிதம் போன்றது. தபால்காரர் முகவரியைத்தான் பார்க்க முடியும். உள்ளே இருப்பதை அல்ல. ஆகவே சல்லடை வைத்துவிட்டோம், இனிக் கவலையில்லை என்று பெற்றோர் இருந்துவிட முடியாது. மகள் வந்து சொன்னால் செல்போனைப் பறிக்கமாட்டோம் என்ற வாக்குறுதியும் கூடவே வேண்டும். அம்மாவிடம் சொல்லமுடியாதவளுக்கு 1098 என்ற எண் இருக்கிறது. இணையக் குற்றங்களுக்கு 1930 இருக்கிறது. இவ்விரண்டையும் நோட்டின் பின் அட்டையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் சல்லடை எதற்கு என்று கேட்பீர்கள். தேடாமலே எதிரில் வந்து நிற்கும் குப்பையில் ஒரு பகுதியாவது குறையுமே! தம்பி கார்ட்டூன் பார்க்கப் போய் வேறெதையோ பார்த்துத் திகைத்து நிற்கமாட்டான். அதைவிட முக்கியம், “வெளியே ஆபத்து, ஆகவே உனக்கு வேண்டாம்” என்று எங்களிடம் சொல்லும் காரணமும் பலவீனமாகும். சல்லடையை முதலில் கேட்க வேண்டியவர்கள் பெண்பிள்ளைகளாகிய நாமே என்பது என் கருத்து.

1990களின் தொடக்கத்தில் நம் மாவட்டத்தில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். அன்றும் சாலையில் லாரி ஓடியது. கேலி பேசியவர்களும் இருந்தார்கள். அதற்காகச் சைக்கிளை வீட்டுக்குள் பூட்டி வைக்கவில்லை. பிரேக் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள்.

சல்லடைக்கும் கண் அளவு சரியாக இருக்கவேண்டும். 2013இல் இங்கிலாந்தில் ஓ2 என்ற கம்பெனியின் குழந்தைகளுக்கான சல்லடை, துன்பப்படும் குழந்தைகளுக்கு உதவும் சைல்ட்லைன் தளத்தையே தடுத்து வைத்திருந்தது. எங்கள் பத்தாம் வகுப்பு அறிவியலில் இனப்பெருக்கம் ஒரு பாடம். அதைப் பற்றித் தேடினால் கதவு சாத்தப்படுமானால் நாங்கள் எப்படிப் படிப்பது? மாதவிலக்கைப் பற்றிக் கேட்க வீட்டில் ஆளில்லாத பெண் எங்கே போவாள்? எதைத் தடுத்திருக்கிறார்கள் என்று தெரியவேண்டும். தவறாகத் தடுத்திருந்தால் திறக்கச் சொல்ல ஓர் இடமும் வேண்டும்.

இன்னொரு விந்தையையும் சொல்லவேண்டும். 2021ஆம் ஆண்டு விதிப்படி பதினெட்டு வயது ஆகாதவர்க்கு சிம் கார்டு விற்கக்கூடாது. எனவே நாங்கள் வைத்திருக்கும் எண்ணெல்லாம் அப்பா பெயரிலோ மாமா பெயரிலோதான் இருக்கிறது. கம்பெனியின் கணக்கில் நாற்பத்தைந்து வயது ஆண் ஒருவர் வேதியியல் வீடியோ பார்க்கிறார்! கம்பெனிக் கணக்கில் இல்லாத குழந்தைக்குச் சல்லடை எப்படி வரும்?

கீழ ராஜ வீதியில் சிம் வாங்கப் போனால் ஆதார் கேட்கிறார்கள், நிற்கவைத்துப் படம் எடுக்கிறார்கள். அத்துடன், “இந்த எண் யார் கைக்குப் போகிறது? பிள்ளைக்கு என்றால் சல்லடை போட்டுத் தரட்டுமா?” என்று தமிழில் ஒரு கேள்வியும் கேட்கட்டும். அப்பாக்களே, அந்தக் கேள்வி வரும்போது அண்ணனின் எண்ணையும் மறக்காமல் சொல்லுங்கள்.

— பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி