100 வாட் யாருக்கு?

பழைய புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரைக் கணினியோடு இணைக்க 100 வாட் ரிசீவர் வேண்டும், அதற்கு வசதியில்லாதவர் பிளாஸ்டிக் கணினி ஸ்பீக்கரோடு திருப்திப்பட வேண்டியதுதான் என்கிறார்கள். தவறு. அருமையான ஸ்பீக்கர்களைப் பரணுக்கு அனுப்பும் வாதம் இது.

கணக்கைப் பாருங்கள். 86 டெசிபல் உணர்திறன் உள்ள ஸ்பீக்கர், 1 வாட்டிலேயே 1 மீட்டர் தூரத்தில் 86 டெசிபல் ஒலி தரும். மேசைமுன் உட்காருபவருக்குத் தூரம் அவ்வளவுதான். அந்த ஒலியில் பக்கத்தில் இருப்பவரோடு குரலை உயர்த்தித்தான் பேச முடியும். 10 வாட்டில் 96 டெசிபல், வீடே விழித்துக்கொள்ளும். மீதி 90 வாட் எதற்கு?

டிபிஏ3116 சிப் உள்ள சின்ன ஆம்ப்ளிஃபயர் போர்டு போதும். வீட்டில் சும்மா கிடக்கும் 19 வோல்ட் லேப்டாப் அடாப்டரே அதை ஓட்டும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 20 வாட் வரை கிடைக்கும். ஹெட்போன் துளையிலிருந்து போர்டுக்கு ஒரு ஒயர், அங்கிருந்து ஸ்பீக்கர்களுக்கு இரண்டு ஜோடி. ஒன்றில் மட்டும் கவனம் தேவை: இந்தப் போர்டில் இரு பக்க மைனஸ் முனைகளையும் ஒன்றாகச் சேர்க்கவே கூடாது.

மலிவு போர்டில் 'உம்' என்ற இரைச்சல் வரும் என்பது அடுத்த பயமுறுத்தல். அது பெரும்பாலும் எர்த் இணைப்பின் கோளாறு. விலை உயர்ந்த ரிசீவரிலும் அதே இரைச்சல் வரும்.