கண் மின்னாத ரெண்டு ஜீவன்கள்

முதல்லயே சொல்லிடறேன், நான் துப்பாக்கி பிடிச்சவன் இல்லை. பி.காம். முடிச்சுட்டு பேங்க்ல குப்பை கொட்டற மாயவரத்துக்காரன். ஏழு வருஷமா ஜாகை திருவனந்தபுரம். விவசாயக் கடன் ஃபைலெல்லாம் நம்ம தலையிலதான் விழும்ங்கறதால பாலோடு, பெரிங்கம்மலை, விதுரா, ஆரியநாடு, வெள்ளறடை பக்கமெல்லாம் சுத்தியிருக்கேன். அங்க கடன் திரும்ப வராததுக்கு மழை, விலை இதெல்லாம் விட அதிகமாக் காதுல விழற காரணம் ஒண்ணுதான். காட்டுப்பன்றி. மரச்சீனி, வாழை, சேனை எது போட்டாலும் ஒரே ராத்திரியில டிராக்டர் ஓட்டின மாதிரி கிளறிப் போட்டுட்டுப் போயிடும். (மரச்சீனின்னா நம்ம ஊர் மரவள்ளிக் கிழங்கு. அதுக்குன்னே மத்திய அரசு ஆராய்ச்சி நிலையம் 1963-லேர்ந்து இங்க ஸ்ரீகாரியத்துல இருக்கு. பன்றிக்கும் அந்த விஷயம் தெரிஞ்சிருக்கு போல.)

2022 மே மாசம் கேரள அரசு ஒரு முடிவு எடுத்தது. பன்றியைச் சுட உத்தரவு போடற அதிகாரம் அதுவரைக்கும் வனத்துறைகிட்ட இருந்தது. அதைப் பஞ்சாயத்துத் தலைவர், நகராட்சித் தலைவர், மேயர்னு உள்ளாட்சிக்கே கொடுத்தாங்க. லைசென்ஸ் துப்பாக்கி வச்சிருக்கறவங்களோட பட்டியல் பஞ்சாயத்துல இருக்கும். புகார் வந்தா அதுல ஒருத்தரைக் கூப்பிடுவாங்க. விஷம், வெடி, மின்சாரம் எதுவும் கூடாது. செத்த பன்றியைப் புதைச்சாகணும், கறி போட முடியாது. மத்தபடி 'வேட்டை'ன்னு பொழுதுபோக்குக்குப் போறது 1972 வனவிலங்குச் சட்டப்படி குத்தம்தான். நம்ம தமிழ்நாட்டுலயும் 2025 ஜனவரியில உத்தரவு வந்தது. ஆனா அங்க காட்டு எல்லையிலேர்ந்து மூணு கிலோமீட்டருக்கு அப்பால வந்த பன்றியைத்தான் சுடலாம், அதுவும் வனத்துறை ஆளுங்க மட்டும். இங்க சுடப்போறது பக்கத்து வீட்டுச் சேட்டன்.

அந்தப் பட்டியல்ல இருக்கற ஒரு சேட்டன் நம்ம கஸ்டமர். "சாரே, துப்பாக்கியில மாட்டற லைட் ஒண்ணு வாங்கணும், இன்டர்நெட்ல நோக்கி ஒண்ணும் மனசிலாகலை"ன்னு கேட்டார். அவருக்காகப் படிக்க ஆரம்பிச்சு, ஆபீஸ் ஆணியெல்லாம் ஓரம் கட்டிட்டு ஒரு மாசம் இதே வேலையாப் போச்சு. என் முடிவு என்னன்னா, விக்கறவங்க சொல்ற 'எவ்வளவு தூரம் அடிக்கும்', 'எந்தக் கலர்' ரெண்டுமே நம்ம ஊருக்கு ரெண்டாம்பட்சம். முதல் கேள்வி வேற.

ராத்திரி டார்ச் அடிச்சா மாடு, நாய், பூனை, மரநாய், மான் எல்லாத்துக்கும் கண்ணு பளபளன்னு மின்னும் இல்லையா? விழித்திரைக்குப் பின்னால கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கறதாலதான். பன்றிக்கு அந்தப் படலம் கிடையாது. மனுஷனுக்கும் கிடையாது. அதாவது ராத்திரி மரச்சீனித் தோட்டத்துல நடமாடறதுல, லைட் அடிச்சாலும் கண்ணு மின்னாம கருப்பா நிக்கற ஜீவன் முக்கியமா ரெண்டு. அதுல ஒண்ணை மட்டும்தான் சுடலாம்.

இது சும்மா பயமுறுத்தறது இல்லை. 2021 நவம்பர் கடைசியில வயநாடு கம்பளக்காட்டுல நெல் வயல்ல பன்றி விரட்டக் காவல் இருந்த ஒருத்தர் துப்பாக்கிக் குண்டு பட்டுச் செத்துப்போனார். பன்றின்னு நினைச்சு சுட்டுட்டாங்கன்னு போலீஸ் விசாரணையில வந்தது. 2022 மே மாசம் மலப்புரத்துல பன்றி வேட்டைக்குப் போன ஒரு பையன், கூடப் போனவங்க துப்பாக்கிக்கே பலியானான். அதோட திருவனந்தபுரம் மாவட்டத்துல 2011 கணக்குப்படியே சதுர கிலோமீட்டருக்கு 1,500 பேருக்கு மேல. ரப்பர் வெட்டறவங்க விடியறதுக்கு ரொம்ப முன்னாடியே தோட்டத்துக்குள்ள போயிடறாங்க, அந்தக் குளிர்ல பால் நல்லா வடியும்னு. பன்றி வர்ற நேரமும் அதேதான்.

கடையில கிடைக்கற லைட் முக்கால்வாசி அமெரிக்காவுல டெக்சாஸ் மாதிரி இடத்துக்குன்னு யோசிச்சுப் பண்ணினது. அங்க கண்ணுக்கெட்டின தூரம் வெட்டவெளி, 200 மீட்டர் தள்ளி பன்றிக் கூட்டம். இங்க 40 மீட்டருக்கு மேல பார்க்கணும்னா நடுவுல பத்து ரப்பர் மரமும் ஒரு கிணறும் ஒரு வீடும் வரும். கையில இருக்கறதும் பெரும்பாலும் 12 போர் துப்பாக்கிதான். அதுல எல்.ஜி., எஸ்.ஜி. தோட்டா போட்டா முப்பது நாப்பது மீட்டருக்குள்ளதான் நம்பிச் சுடலாம். .315 ரைஃபிள்னா குண்டு ஒரு கிலோமீட்டரையும் தாண்டும். அதனால பன்றியைக் காட்டற லைட் மட்டும் போதாது, பன்றிக்குப் பின்னால என்ன இருக்குன்னும் காட்டணும்.

இங்கதான் கணக்கு வருது. (கணக்குன்னா நமக்கு அல்வா.) டப்பா மேல பெரிய எழுத்துல 'லூமென்' போட்டிருப்பான். அது மொத்த வெளிச்சம், எல்லாப் பக்கமும் சிதறினதையும் சேர்த்து. ஒரு திசையில எவ்வளவு அழுத்தமாப் போகுதுங்கறது 'கேண்டெலா'. அதை மீட்டர் தூரத்தோட வர்க்கத்தால வகுத்தா அந்த இடத்துல விழற வெளிச்சம் லக்ஸ்ல வந்துடும். 10,000 கேண்டெலா லைட்னா டப்பாவுல '200 மீட்டர்'னு போட்டிருக்கும். பொய் இல்லை. ஆனா அந்த 200 மீட்டர்ல இருக்கறது கால் லக்ஸ், அதாவது பௌர்ணமி நிலா அளவு. நிலா வெளிச்சத்துல நிக்கறது பன்றியா குனிஞ்சு கிழங்கு பறிக்கற ஆளான்னு சொல்லிட முடியுமா? அதே லைட் 40 மீட்டர்ல ஆறு லக்ஸுக்கு மேல தரும், பௌர்ணமியைப் போல 25 மடங்கு. நமக்கு அது தாராளம். ஆக, டப்பாவுல 400, 500 மீட்டர்னு போட்டதுக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை. நடுவுல அழுத்தமும் சுத்தி கொஞ்சம் பரவலும் இருக்கற லைட்டா எடுங்க. ரொம்பப் பரவலானதும் வேண்டாம். பொன்முடி அடிவாரத்துப் பனியில அது வெள்ளைத் திரை கட்டினாப்ல நம்ம கண்ணுக்கே திரும்பி வரும்.

அடுத்தது கலர் சண்டை. பன்றிக்கு நிறம் பார்க்கற செல் ரெண்டு வகைதான், நமக்கு மூணு. சிவப்பு அதுக்கு ரொம்ப மங்கலாத்தான் தெரியும். அதனால சிவப்பு லைட்டுக்கு அது சட்டுனு மிரளாது, சரி. ஆனா 'பச்சை பன்றிக்குத் தெரியவே தெரியாது'ன்னு ஒரு வியாபாரி அளந்து விட்டிருந்தார். பச்சை அதுக்கு நல்லாவே தெரியும். நமக்கும் பச்சை பிரகாசமாத் தெரியுது, அவ்வளவுதான் விஷயம். எப்படியும் பன்றி நம்மளைக் கண்டுபிடிக்கறது மூக்காலயும் காதாலயும். காத்து நம்ம முதுகுப் பக்கத்துலேர்ந்து வீசினா எந்தக் கலர் லைட்டும் உதவாது.

என் கட்சி வெள்ளை. சிவப்பு வெளிச்சத்துல எல்லாமே ஒரே நிறத்தோட மங்கலும் அழுத்தமுமாத்தான் தெரியும். காவி லுங்கி, மண்ணு, பன்றி முதுகு எதையும் நிறத்தை வச்சுப் பிரிக்க முடியாது. வெள்ளைன்னா பன்றி ரெண்டு மூணு செகண்ட்ல ஓடிடும்னு சொல்றாங்க. ஓடட்டுமே சார். நாளைக்கு மறுபடி வரும், மரச்சீனி அங்கயேதான் இருக்கும்.

இதை விட முக்கியமா ஒண்ணு. துப்பாக்கியில மாட்டின லைட்டால தேடவே கூடாது. லைட் எங்க போகுதோ குழலும் அங்கதான் போகும். "அங்க என்ன சத்தம்"னு திருப்பிப் பார்த்தா, வர்றது டேப்பிங்காரரா இருந்தா அவர் நெஞ்சுக்கு நேரா துப்பாக்கி நீட்டினதாத்தான் அர்த்தம். தேடறதுக்குத் தலையில கட்டற லைட்டோ கூட வர்றவர் கையில ஒரு டார்ச்சோ தனியா இருக்கணும். அது வேணும்னா சிவப்பா இருந்துட்டுப் போகட்டும். பன்றிதான்னு தெரிஞ்சப்புறம் துப்பாக்கியைத் தூக்கி வெள்ளை லைட்டைப் போட்டு, இன்னொரு தரம் முழு உருவத்தையும் பின்னால இருக்கறதையும் பார்த்துட்டு சுடணும். ஆக வாங்க வேண்டியது ரெண்டு லைட். 'ஒரே லைட்ல மூணு கலர், ஜூம் வசதி, எட்டு நூறு ரூபாய்'ங்கற விளம்பரத்தைத் தாண்டிப் போயிடுங்க. லட்சக்கணக்குல வர்ற வெப்பக் கேமராவுக்கும் இதே கதிதான். சூடா ஏதோ இருக்குன்னு அது நல்லாவே காட்டும், ஆனா புதருக்குப் பின்னால பாதி மறைஞ்சு நிக்கற சூடான உடம்பு யாரோடதுன்னு தீர்மானிக்கறது நம்ம பொறுப்பு.

பேட்டரி விஷயத்துல மட்டும் நம்ம தொழில் புத்தியைக் காட்டிடறேன். இந்த லைட்டுங்க நிறைய 18650-ங்கற லித்தியம் செல்லுல ஓடும். நல்ல கம்பெனி செல்லுல அதிகபட்சம் 3,500 மில்லி ஆம்பியர் சொச்சம்தான் கொள்ளும். ஆன்லைன்ல '9,900'னு அச்சடிச்சு விக்கறான். அக்கவுண்ட்ல இருப்பே இல்லாம எழுதின செக் அது. இன்னொண்ணு, 12 போர் உதையற உதையில சாதா டார்ச்சோட ஸ்பிரிங் ஒரு நொடி விலகி, சுட்ட அதே நேரத்துல லைட் அணைஞ்சுடும். 'ரீகாயில் தாங்கும்'னு சொல்லி, ரெண்டு முனையிலயும் ஸ்பிரிங் வச்சதாப் பார்த்து வாங்கணும். ஜிம் கார்பெட் 1926 மே மாசம் ருத்ரப்பிரயாகை சிறுத்தையைச் சுட்டப்ப அவர் டார்ச் ஒரு மங்கல் மின்னல் காட்டிட்டுப் போயிடுச்சு. பேட்டரியைச் சோதிச்சுப் பார்க்கணும்னே தெரியாதுன்னு அவரே எழுதியிருக்கார். அப்புறம் குண்டு பட்டுச்சா இல்லையான்னு தெரியாம இருட்டுல மரத்து மேலயே உட்கார்ந்திருந்தார். காயம்பட்ட ஆண் பன்றியோட கொம்புப் பல்லு இருக்கே, அதுகிட்ட இருட்டுல மாட்டினா மரம் ஏறக்கூட டைம் இருக்காது.

இவ்வளவு செலவையும் சேட்டன் ஏன் கைக்காசு போட்டுப் பண்ணணும்? இது என் ஆதங்கம். உத்தரவு போடறது பஞ்சாயத்து, புகார் கொடுக்கறது விவசாயி. பஞ்சாயத்தே நல்ல லைட்டா ரெண்டு செட் வாங்கி, ஸ்டாக் ரெஜிஸ்டர்ல ஏத்தி, சுடப் போற ராத்திரி மட்டும் கையெழுத்து வாங்கிட்டுக் கொடுக்கலாம். கூடவே அந்த வார்டு டேப்பிங்காரங்களுக்கு சாயந்திரமே "இன்னிக்கு ராத்திரி இந்தத் தோட்டத்துல துப்பாக்கி இருக்கு"ன்னு ஃபோன்ல ஒரு வரி அனுப்பினா அஞ்சு பைசா செலவில்லை. இது கிடைக்காத இடத்துலதான் ஜனங்க வேலியில கரண்ட் விடறாங்க. 2025 ஜூன்ல நிலம்பூர் பக்கம் வழிக்கடவுல மீன் பிடிக்கப் போன பத்தாம் கிளாஸ் பையன் அப்படிப் பன்றிக்கு வச்ச கம்பியிலதான் போனான்.

பி.கு.: சேட்டன் கடைசியில வெள்ளை லைட் ஒண்ணு, தலையில கட்டற சிவப்பு லைட் ஒண்ணு, கம்பெனி செல் நாலு வாங்கினார். துப்பாக்கி குழல்ல துளை போடாம கிளாம்ப் மாட்டச் சொல்லியிருக்கேன், மாட்டறதுக்கு முன்னாடி லைசென்ஸ் ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுடச் சொல்லியும்.