வாசலில் நிறுத்த ஒரு வள்ளம் வேண்டாம்

நமது சங்கக் கட்டடத்தின் முகப்பைப் புதுப்பிக்கும்போது, ஊரிலிருந்து ஒரு பழைய மீன்பிடி வள்ளத்தை வாங்கி வந்து வாசலில் மேடை கட்டி நிறுத்தலாம் என்று சென்ற மாதக் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. லாரி வாடகை எவ்வளவு ஆகும், எந்த நிறத்தில் விளக்குப் போடலாம் என்பது வரை பேச்சுப் போய்விட்டது. பலரும் கை தட்டினார்கள். நான் ஒன்றும் பேசவில்லை. கூட்டம் முடிந்து காபி குடிக்கும்போது, "நீங்களே ஒரு வள்ளத்தைப் பழுது பார்த்தவர் ஆயிற்றே, ஏன் சார் வாயைத் திறக்கவில்லை?" என்று ஒரு நண்பர் கேட்டார். காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லி முடிக்கிற காரணமாக அது இல்லை. அதனால்தான் ஆசிரியரிடம் இடம் கேட்டு வாங்கி இதை எழுதுகிறேன்.

தூத்துக்குடியிலிருந்து வடக்கே வேம்பார் போகிற வழியில் எங்கள் ஊர். பனங்காட்டைத் தாண்டினால் கடல். அப்பாவும் தாய்மாமாவும் கூட்டாக வைத்திருந்த வள்ளம் 22 அடி நீளம். நாலு பேர் ஏறலாம், நெருக்கினால் ஐந்து. நான் டிப்ளமா படிக்கச் சேர்ந்தபோது அப்பா தம் பங்கை மாமாவுக்கே விற்றுவிட்டு, அதே வள்ளத்தில் கூலிக்குப் போனார். இதை அவர் எங்களிடம் சொன்னதில்லை. 1984-ல் நான் பம்பாய்க்கு ரயில் ஏறிய பிறகு அம்மா எழுதிய கடிதத்தில்தான் தெரிந்தது. செம்பூரில் நான் குடித்தனம் நடத்திய முப்பத்தைந்து ஆண்டுகளும் அந்த வள்ளம் என் நெஞ்சில் எங்கேயோ தட்டிக்கொண்டே இருந்தது என்று சொன்னால் கொஞ்சம் நாடகமாக இருக்கும். உண்மையில் பல வருடங்கள் அதை மறந்தே போயிருந்தேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்று 2019-ல் ஊருக்குப் போனபோது, பனை மரத்தடியில் கவிழ்ந்து கிடந்ததைப் பார்த்தேன். அதன் அடியில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. மாமா வீட்டார் பைபர் வள்ளத்துக்கு மாறி ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது.

"விறகுக்குக் கேக்கான், குடுத்துரவா?" என்றார் மாமா மகன். வேண்டாம், நான் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அப்போது என் மனதில் இருந்ததும் வாசலில் நிறுத்துகிற எண்ணம்தான் என்பதை ஒப்புக்கொண்டு விடுகிறேன். ஊர் வீட்டு முற்றத்தில் வெள்ளையடித்து வைத்து, பேரன் பேத்திகள் ஏறி நின்று போட்டோ எடுத்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன்.

அந்த எண்ணத்தைக் கெடுத்தவர் ஓடாவி. படகு கட்டும் தச்சருக்கு எங்கள் பக்கம் ஓடாவி என்று பெயர். எழுபதைத் தாண்டியவர். வந்து வள்ளத்தைச் சுற்றி நடந்தார். கொட்டாப்புளியால் பலகை பலகையாகத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். நல்ல மரம் கணீரென்றது. உளுத்த இடம் பூசணிக்காயைத் தட்டியது போல மொத்தென்றது. சந்தேகம் வந்த இடத்தில் உளியின் முனையைச் செருகிப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்து, "தம்பி, இது கடல்ல போகணுமா, கரையில இருக்கணுமா?" என்று கேட்டார். கரையில் என்றேன். "அப்ப என்னை எதுக்குக் கூப்பிட்டிய? பெயிண்டரைக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அவரைத் திரும்ப அழைத்து வர இரண்டு நாள் ஆயிற்று. அப்போது அவர் சொன்ன விஷயத்தைத்தான் நமது சங்க அன்பர்கள் கவனிக்க வேண்டும். பலகை வள்ளம் தண்ணீருக்கென்று செய்த பொருள். பலகைகளுக்கு நடுவே உள்ள இடுக்கில் பஞ்சுத் திரியை அடித்து இறக்கி, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவார்கள். கலப்பத்து அடிப்பது என்று இதற்குப் பெயர். ஆனால் தண்ணீரைத் தடுப்பது பஞ்சு மட்டும் அல்ல. கடலில் இறக்கியதும் பலகை ஊறிப் பருத்து, ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு பஞ்சை இறுக்கிப் பிடிக்கிறது. அந்த நெருக்கம்தான் வள்ளத்தை மிதக்க வைக்கிறது. கரையில் காயப் போட்டால் பலகை சுருங்கும், இடுக்கு விரியும், பஞ்சு உதிரும், ஆணி தளரும். மேலே எத்தனை கோட் பெயிண்ட் அடித்தாலும் உள்ளே நடப்பது நடந்துகொண்டே இருக்கும்.

உப்புத் தண்ணீர் மரத்தை அழுகாமல் காக்கும். தேங்கி நிற்கிற மழைத் தண்ணீர் அழுக வைக்கும். நம் மும்பையில் நாலு மாதம் விடாத மழை, எட்டு மாதம் வெயில். திறந்த வாசலில் ஒரு வள்ளத்தை நிறுத்தினால், மரத்துக்கு ஆகாதவை இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுத்ததாக ஆகும். ஐந்தாறு வருடத்தில் அதன் அணியம், அதாவது முன்பக்கம், கையோடு பெயர்ந்து வரலாம். பிறகு அதை அப்புறப்படுத்த ஒரு துணைக்குழு அமைப்போம்.

கடலில் கிடந்தாலும் மரத்துக்கு எதிரி இல்லாமல் இல்லை. கப்பல்புழு என்று ஒன்று உண்டு. பெயர்தான் புழு, உண்மையில் அது சிப்பி இனத்தைச் சேர்ந்தது. வெளியே குண்டூசி முனை அளவு ஓட்டைதான் தெரியும். உள்ளே விரல் நுழைகிற அளவுக்குக் குடைந்திருக்கும். அதனால்தான் வள்ளத்தை அவ்வப்போது கரையேற்றி, சுரண்டி, காய வைத்து, எண்ணெய் பூசி மறுபடியும் இறக்குகிறார்கள். கரைக்கும் கடலுக்குமாக மாறி மாறிப் போய்வந்தால்தான் வள்ளத்துக்கு ஆயுள். யாராவது ஒருவர் அதைத் தினமும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

வேலை எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓலைப் பந்தல் போட்டுத் தொடங்கியது. மொத்தப் பலகைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விட்டிருந்தது. ஏரா என்கிற அடிமரம் மட்டும் கல் போல இருந்தது. "ஏரா நல்லா இருந்தா எல்லாம் நல்லா இருக்கும்" என்று ஓடாவி சொன்னார். மரத்தைக் கெடுத்ததில் பாதிக் குற்றம் பழைய இரும்பு ஆணிகளுடையது. துருப்பிடித்த ஆணி தானும் கரைந்து, தன்னைச் சுற்றியுள்ள மரத்தையும் கறுப்பாக்கித் தின்றுவிடுகிறது. ஒவ்வொன்றாகப் பிடுங்கி, துத்தநாகம் பூசிய ஆணி அடித்தோம். எத்தனை ஆணி என்று எண்ணத் தொடங்கி முந்நூறோடு நிறுத்திக்கொண்டேன். வங்கு எனப்படும் விலாச் சட்டத்துக்கு, இயற்கையாகவே வளைந்த கிளை வேண்டும். நேர்மரத்தை வளைவாக அறுத்தால் நார் அறுந்து, இழுவையில் முறிந்துவிடும். அந்த வளைவுள்ள கருவேலங் கிளையைத் தேடி நானும் ஓடாவியும் மோட்டார் சைக்கிளில் அலைந்த அலைச்சலை இங்கே எழுதினால் இந்த இதழ் போதாது. ஓடாவியிடம் வரைபடம் ஏதும் இல்லை. சாண், விரல், ஒரு கயிற்றுத்துண்டு, அவ்வளவுதான். அயினிப் பலகையை நனைத்து நெருப்பில் வாட்டி வளைத்து அவர் பொருத்திய விதத்தை, 33 வருடம் தொழிற்சாலையில் வரைபடத்தோடு மல்லுக்கட்டிய நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது மாதத்தில் கொரோனா வந்து எல்லாம் நின்றது. நான் செம்பூரில், வள்ளம் பந்தலில். 2021 கடைசியில் மறுபடி தொடங்கி 2022 பிப்ரவரியில் முடித்தோம். மொத்தச் செலவு ரூ.2,40,000. "இந்தக் காசுக்கு நல்ல நெலமையில உள்ள பழைய பைபர் வள்ளமே வாங்கியிருக்கலாமே தம்பி" என்றார் என் அண்ணன். அவர் சொன்னது சரிதான். கணக்குப் பார்த்தால் இது முட்டாள்தனம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பைபர் வந்து நம் மரபை அழித்துவிட்டது என்று மேடையில் பேசுகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. பைபரைப் புழு அரிக்காது. அது எடை குறைவு. எஞ்சின் பொருத்த வசதி. ஆண்டுக்கு இரண்டு முறை எண்ணெய் காய்ச்சிப் பூச வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகை, கடலூர்க் கரைகளில் நிவாரணமாக வந்தவை பெரும்பாலும் பைபர் படகுகள். உயிரையும் மரத்தையும் கடலில் இழந்து நின்ற மக்கள் கிடைத்ததை ஏற்றுக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல, மாடிக் குடியிருப்பில் உட்கார்ந்திருக்கும் நமக்கு வாய் இல்லை. அதே வாயால்தான் ஆங்கிலத்தின் கேட்டமரான் என்ற சொல் நம் கட்டுமரத்திலிருந்து போனது என்று ஆண்டுதோறும் விழாவில் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறோம். சொல் போனது உண்மை. ஆனால் அவர்கள் இன்று அந்தப் பெயரால் அழைப்பது இரட்டை உடல் கொண்ட வேறு படகு. நம்முடையது மரங்களைச் சேர்த்துக் கட்டியது. கைதட்டியவர்களில் எத்தனை பேர் கட்டுமரத்தைத் தொட்டிருப்போம்?

ஜேம்ஸ் ஹார்னெல் என்ற ஆங்கிலேயர் சென்னை மாகாண மீன்வளத் துறையில் இயக்குநராக இருந்தவர். இந்தியப் படகுகளின் வடிவங்களைப் பற்றி 1920-லேயே எழுதி வைத்தார். வடிவத்தை அப்படி எழுதி வைக்கலாம், புகைப்படம் எடுக்கலாம், வாசலில் நிறுத்தவும் செய்யலாம். தட்டிப் பார்த்து மரத்தின் நிலையைச் சொல்கிற அந்தக் காதை எங்கே நிறுத்துவது? எங்கள் ஓடாவியின் மகன் தூத்துக்குடியில் பைபர் அச்சு வேலை செய்கிறார். அப்பாவைவிட அதிகம் சம்பாதிக்கிறார். அவரைத் திரும்பி வா என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. நானே திரும்பாதவன்.

வள்ளத்தை இறக்குவதற்கு முன்னால் ஓடாவி செய்த காரியம் எங்களைத் திடுக்கிட வைத்தது. கரையில் இருக்கும்போதே குடம் குடமாகக் கடல்நீரைக் கொண்டுவந்து வள்ளத்துக்குள் கொட்டச் சொன்னார். இடுக்கு இடுக்காக ஒழுகியது. இவ்வளவு பணமும் மணலில் போயிற்று என்று நினைத்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "குடிக்கட்டும் தம்பி, ரொம்ப நாள் தாகம்" என்றார். மறுநாள் ஒழுகல் பாதியாயிற்று. மூன்றாம் நாள் துளி துளியாக. நாலாம் நாள் காலை தண்ணீரை இறைத்துவிட்டுக் கடலில் தள்ளினோம். அண்ணன் தண்டு பிடித்தார். அவருக்கு வயது 68. கண் கலங்கியதைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்துவிட்டேன்.

அதே மாதம், கடற்கரைச் சாலையில் உணவு விடுதி வைத்திருக்கும் ஒருவர், நான் செலவழித்ததைவிட அதிகம் தருகிறேன், வள்ளத்தைக் கொடுங்கள் என்று ஆள் அனுப்பினார். ஐஸ் நிரப்பி மீனும் இறாலும் அடுக்கிவைக்க வேண்டுமாம். கோபப்பட்டுத் திருப்பி அனுப்பினேன். சென்ற மாதக் கூட்டத்தில் நமது யோசனையைக் கேட்டபோது அந்த மனிதரின் ஞாபகம்தான் வந்தது. நாம் வைக்கப்போவது ஐஸ் அல்ல, பெருமை. வள்ளத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

"இங்கே பிறந்த குழந்தைகள் தொட்டாவது பார்க்கட்டுமே" என்று ஒரு சகோதரி சொன்னார். நியாயமான வார்த்தை. அதற்கு என்னிடம் வேறு வழி இருக்கிறது. மகாராஷ்டிரக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். அப்போது வெர்சோவாவிலும் வொர்லி கோளிவாடாவிலும் போய்ப் பாருங்கள். கோளி மக்கள் படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்த்து, நாரளி பூர்ணிமாவுக்குள் வண்ணம் பூசி முடித்துவிடுவார்கள். நம் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். அது நம் வள்ளம் இல்லையே என்பீர்கள். பஞ்சு அடிக்கிற சத்தமும் மீன் எண்ணெய் வாசனையும் எல்லாக் கரைக்கும் பொது. நம் வள்ளத்தையே பார்க்க வேண்டுமென்றால், பள்ளி விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள் இரண்டு நாள் எங்கள் பக்கம் வாருங்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை விசைப்படகுகளுக்குத்தான். நாட்டு வள்ளங்கள் அப்போதும் கடலுக்குப் போகும்.

லாரிக்கும் மேடைக்கும் விளக்குக்கும் ஒதுக்க நினைத்த பணம் சும்மா இருக்க வேண்டாம். இன்றும் மர வள்ளத்தில் தொழில் செய்கிற ஏதாவது ஒரு குடும்பத்தின் ஓராண்டுப் பழுதுச் செலவைச் சங்கம் ஏற்கலாம். ஓடாவிக்குக் கூலி, பலகை, ஆணி, எண்ணெய். வாசலில் காட்ட ஒன்றும் இருக்காது. ரசீதுகள் மட்டும் இருக்கும். இதைத் தீர்மானமாகக் கொண்டுவர அடுத்த கூட்டத்தில் அனுமதி கேட்கப் போகிறேன். தோற்றாலும் வருத்தமில்லை.

என் வள்ளம் இப்போது அண்ணன் மகனிடம் இருக்கிறது. வாரத்தில் நாலு நாள் நண்டு வலைக்குப் போகிறான். போன வாரம் போன் செய்தான். "சித்தப்பா, அணியத்துப் பக்கம் ரெண்டாவது பலகையில கசிவு தெரியுது. ஓடாவி தாத்தா தட்டிப் பாத்துட்டு, பஞ்சு மாத்துனா போதும்ங்காவ. ரூ.4,000 அனுப்ப முடியுமா?" என்றான். அன்றைக்கே அனுப்பிவிட்டேன்.