பரணில் ஏறும் முன் பெல்ட்டை மாட்டுங்கள்

தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி பக்கத்து ராகி விவசாயிகளுக்கும், கூலிக்குக் காவல் போகிறவர்களுக்கும் காட்டோர விவசாயிகள் சார்பில் இந்த வேண்டுகோள்.

கதிர் முற்றும் பருவத்தில் பரண் இல்லாமல் முடியாது. வேலியில் திருட்டு மின்சாரம் விடுவதைவிட ராத்திரிக் காவல் எவ்வளவோ மேல். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே அப்படிப்பட்ட வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன. ஆகவே பரணே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் பரண் கட்டும்போது நம் யோசனை முழுக்க யானை மேல்தான் இருக்கிறது. துதிக்கைக்கு எட்டக் கூடாது என்று இருபது அடிக்குப் போகிறோம். அங்கிருந்து தவறினால் மணிக்குச் சுமார் 40 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோதுவோம். யானைக்குப் பயந்து எவ்வளவு உயரம் ஏறுகிறோமோ, விழுந்தால் அடியும் அவ்வளவு பலம்.

அமெரிக்காவில் மரத்தில் பரண் கட்டி மானுக்குக் காத்திருப்பது பரவலான வழக்கம். (இங்கே வேட்டை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அந்தப் பேச்சு வேறு.) அங்கே ஜார்ஜியா மாநிலத்தில் 1979 முதல் 1989 வரை பதிவான வேட்டைக் காயங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பரண் சம்பந்தப்பட்டவை. துப்பாக்கி புழங்கும் இடத்திலேயே நிலைமை இது. பரணில் உட்கார்ந்திருக்கும்போது மட்டுமல்ல, ஏறும்போதும் இறங்கும்போதும், ஏணியிலிருந்து பலகைக்குக் கால் மாற்றும் அந்த நொடியிலும் விழுகிறார்கள். நமக்கோ இருட்டு, தூக்கம், கையில் டார்ச். சிலருக்குக் குடியும் சேர்ந்துகொள்கிறது.

செல்போன் டவரில் ஏறுகிறவர்கள் மாட்டும், தோளையும் தொடையையும் சேர்த்துப் பிடிக்கும் பெல்ட்தான் நமக்கும் தேவை. இடுப்பில் மட்டும் கயிறு கட்டினால் விழும்போது வயிற்றை இறுக்கி மூச்சை அடைக்கும். பரணுக்கு மேலே, உயிருள்ள கெட்டி மரத்தில் ஒரு கயிற்றைக் கட்டி அடிவரை தொங்கவிட்டு, மேலே தள்ளினால் நகர்ந்து, கீழே இழுத்தால் இறுகும் முடிச்சால் பெல்ட்டை அதில் கோக்க வேண்டும். தரையில் மாட்டியதைத் தரையில்தான் கழற்ற வேண்டும். பெல்ட்டில் வெகுநேரம் தொங்கினால் காலில் ரத்தம் தேங்கும். கால் வைத்து நிற்க ஒரு கயிற்று வளையமும், கைக்கு எட்டும்படி போனும் இருக்கட்டும். டார்ச், தகர டப்பா எல்லாம் பின்னால் கயிற்றில் ஏறட்டும்.

கட்டிக்கொண்டால் யானை வரும்போது ஓட முடியாதே என்பார்கள். இருட்டில் இறங்கி யானைக்கு முன்னால் ஓடியா தப்பிக்கப் போகிறோம்? பருத்த புளியமரத்தில், எட்டாத உயரத்தில் இருப்பதே பாதுகாப்பு. மரத்தை முட்டி உலுக்கினால் பெல்ட் போட்டவர்தான் மேலே தங்குவார். இடி மின்னலுக்கு மட்டும் இது பொருந்தாது; வானம் கறுக்கும்போதே இறங்கிவிடுங்கள். தாத்தா காலத்தில் பெல்ட் ஏது என்பதும் பேச்சாகாது. விழுந்தவர்களை யாரும் கணக்கில் வைக்கவில்லை, அவ்வளவுதான். செலவு அதிகம் என்றால் நான்கு வீடு சேர்ந்து ஒன்று வாங்கி, முறை வைத்துப் போட்டுக்கொள்ளலாம்.

போன வருஷத்துக் கயிறு வெயிலிலும் மழையிலும் இற்றுப்போயிருக்கும். இந்தப் பருவத்துக்குப் பரண் ஏறும் முன் அதை அறுத்தெறிந்துவிட்டுப் புதுக் கயிறு கட்டுங்கள். கூலிக்கு ஆள் அனுப்புகிறவர்கள் பெல்ட்டையும் சேர்த்துக் கொடுத்தனுப்புங்கள்.